ஒன்றாம் தேதி நிற்கும் பக்கம்

மாதம் பிறந்தால் போதும், லிஃப்ட் கம்பெனியின் சர்வீஸ் பட்டியல் காணாமல் போய்விடும். எந்தெந்தக் கட்டடத்து லிஃப்டைப் பார்க்க வேண்டும் என்று காட்டவேண்டிய பக்கம் ஒன்றாம் தேதி காலையில் வெள்ளையாக நிற்கும். மெக்கானிக்குகள் கருவிப்பையோடு சின்னவளின் மேசையைச் சுற்றிக்கொள்வார்கள்.

"உன் அக்காவைக் கூப்பிடும்மா" என்பார் மாடிப்படி. இருபது வருஷமாக லிஃப்ட் ரிப்பேர் செய்தும் எதிலும் ஏறாமல் படியிலேயே போகிறவர் என்பதால் அந்தப் பெயர். "உள்ளே என்ன இருக்குன்னு தெரிஞ்சவன் ஏறுவானா?" என்று கேட்பார்.

பட்டியலைக் காட்டும் அந்தப் புரோகிராமை பிஎச்பி என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியவள் அக்கா. சின்னவள் இப்போது உட்காரும் நாற்காலியில் நாலு வருஷம் உட்கார்ந்தவள். வெளிநாட்டில் வேலை கிடைத்து அவள் பெட்டி கட்டியபோது, "எங்களை விட்டுட்டுப் போறவ திரும்பி வரவே வேண்டாம்" என்று சின்னவள் சொல்லிவிட்டாள். அந்த ஒரு வார்த்தை இருவருக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. மூன்று வருஷமாகச் சும்மா ஒரு போன் கிடையாது. ஒன்றாம் தேதி மட்டும் உண்டு.

"எங்கே நிக்குது?"

"அதே பக்கம்தான்க்கா."

"இரு, பாக்கறேன்."

அக்கா அங்கிருந்தே கம்பெனி கம்ப்யூட்டருக்குள் நுழைந்து விசைகளைத் தட்டும் சத்தம் கேட்கும். நடுவில், "அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு? நீ ஏன் இளைச்ச குரல்ல பேசறே?" என்று இரண்டு கேள்வி. பத்து நிமிஷத்தில் பட்டியல் வந்துவிடும், போனும் முடிந்துவிடும். பிறகு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்.

அந்தப் பக்கத்தின் புரோகிராமில் மாதத்தின் எண் கையால் எழுதப்பட்டிருந்தது; மாதம் மாறினால் அது பொருந்தாமல் பக்கம் நின்றுவிடும். அக்கா ஐந்தை அழித்து ஆறு என்று எழுதுவாள், அடுத்த முறை ஏழு. கம்ப்யூட்டரிடமே மாதத்தைக் கேட்டுக்கொள்ள ஒற்றை வரி போதும் என்று சின்னவள் போன வருஷமே மாலை வகுப்பில் கற்றுக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு இது தோன்றவில்லை போலிருக்கிறது, பாவம் என்று நினைத்தாள். சொல்லவில்லை, சரிசெய்யவும் இல்லை. பத்து நிமிஷம் தாமதமானால் யார் குடி முழுகிவிடும்?

இப்போது மேனேஜர் கேட்டுவிட்டார். "பழசையே ஒட்டுப்போட்டு ஓட்டலாமா, புதுசுக்கு மாறலாமா? வெள்ளிக்கிழமை எழுதிக் கொடு. படிக்கிறவ நீதானே."

புது கம்ப்யூட்டர் கருவியில் பக்கங்களை எழுதவே வேண்டாம், தயாராக இருக்கும் துண்டுகளை எடுத்து அடுக்கினால் போதும். சேர்த்து வைத்த விவரமெல்லாம் அப்படியே இருக்கும். மெக்கானிக்குகள் கட்டடத்து வாசலிலேயே போனில் பட்டியலைப் பார்க்கலாம். சின்னவள் நோட்டில் நடுவே கோடு போட்டாள். புதுசுக்கு மூன்று காரணம் வந்தது. பழசுக்கு நாலு எழுதினாள்: பழக்கம், வேகம், நம் இஷ்டத்துக்கு மாற்றலாம், எழுதியவள் இருக்கிறாள். நாலாவதைப் பார்க்க அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஒருதலைப்பட்சமாக எழுதுகிறோமோ என்ற பயத்தில் பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள்.

அக்கா வெளிநாட்டுக்குக் கிளம்பிய அன்று எடுத்து வைத்த நகல் ஒன்று கிடைத்தது. அதே பக்கம்தான். ஆனால் அதில் மாதத்தின் எண் இல்லை. கம்ப்யூட்டரைக் கேட்கும் அந்த ஒற்றை வரி இருந்தது.

தப்பாகப் படிக்கிறோமோ என்று மறுபடி படித்தாள். அந்த நகலைத் தனியாக ஓட்டி, தேதியை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் பார்த்தாள். பட்டியல் வந்தது. அதற்கடுத்த மாதத்துக்கும் வந்தது. வரி மாறிய தேதியைத் தேடினாள். அக்கா போய் ஒன்பதாம் நாள்.

ஒன்பது நாள் தங்கையின் போனுக்காகக் காத்திருந்திருக்கிறாள். அப்புறம்தான் நன்றாக ஓடிக்கொண்டிருந்த பக்கத்தை ஒன்றாம் தேதி நிற்கும்படி தானே மாற்றியிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை காகிதத்தை வாங்கிப் பார்த்த மேனேஜர், "பழசுக்கு நாலு காரணம், புதுசுக்கு மூணு. கடைசியில புதுசுன்னு போட்டிருக்கியே?" என்றார்.

"அந்த நாலாவது என்னோட காரணம் சார். கம்பெனியோடது இல்லை."

மாடிப்படி எட்டிப் பார்த்தார். "புதுசு நின்னா யாரைக் கூப்பிடறது?"

"நிக்காதுண்ணே."

"லிஃப்ட் வித்தவனும் இதையேதான் சொன்னான்."

மதிய இடைவேளையில் சின்னவள் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். முதல் மணியிலேயே அக்கா எடுத்துவிட்டாள்.

"என்ன ஆச்சு? எங்கே நிக்குது?"

"எங்கேயும் நிக்கலை."

"இன்னிக்குப் பதினேழுதானே?"

"ஆமா. அந்தப் பக்கத்தோட பழைய நகலைப் பார்த்தேன்க்கா."

தட்டும் சத்தம் இல்லை.

"பார்த்துட்டியா" என்றாள் அக்கா.

"புதுசுக்கு மாறப்போறோம். இனிமே ஒண்ணாம் தேதி நிக்காது."

"நல்லதுதான்." குரல் தேய்ந்திருந்தது. "அதான் நல்லது."

"அதனாலதான் இப்பவே கேட்டுடறேன். எப்பக்கா வருவே?"

அக்கா அம்மாவின் முட்டி வலியைக் கேட்டாள், பிறகு வீட்டில் ஒவ்வொன்றாகக் கேட்டாள். போனை மட்டும் வைக்கவில்லை. சின்னவள் திரையைப் பார்த்தாள். பதினோராவது நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது.