சேவல் மீனுக்கு ஒரு பயணம்

விமலராணி வெள்ளை இறகைத் தூண்டில் முள்ளின்மேல் பிடித்து நூலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கட்டிலில் கிடந்த கணவன் சூசைதாசன் அரைக்கண்ணால் பார்த்தான்.

"அவ்வளவு இறுக்காதையும். தண்ணிக்குள்ளை இறகு ஆடவேணும்."

"நான் என்ன, இதுக்குப் படிச்சே வந்தனான்? எப்பிடி எண்டு சொல்லுங்கோ, கட்டுறன்."

அவனுக்கு ஈரலில் புற்றுநோய். இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அவனுடைய விரல்கள் வீங்கி நூல் பிடிக்க முடியாமல் போனதும் இந்த வேலையும் அவள் தலையில் விழுந்தது.

அவன் போக நினைத்திருந்த பயணம் மெக்சிகோவுக்கு. அங்கே வெதுவெதுப்பான கரைக்கடலில் சேவல் மீன் இருக்கிறதாம். முதுகில் சேவல் கொண்டை போல முள்ளை விரித்துக்கொண்டு, சின்ன மீன்களைக் கரைவரை துரத்தி வருமாம். இறகு கட்டிய தூண்டிலை எறிந்து அதைப் பிடித்து, ஒருதரம் தடவிப் பார்த்து, திரும்பக் கடலிலேயே விட்டுவிட வேண்டுமாம். சூசைதாசன் முன்பு வேலை பார்த்த வீட்டு இத்தாலிய முதலாளி, சிஞ்ஞோரே, பழக்கிவிட்ட பைத்தியம் அது. யாழ்ப்பாணத்து மீன்பிடி ஊரான குருநகரில் பிறந்த ஒருவன், பிடித்த மீனை விடுவதற்காகக் கண்டம் தாண்டிப் போவதா என்று அவள் சிரிக்காத நாளில்லை. சட்டிக்கு வராத மீன் அவளுக்கு மீனே இல்லை.

நோய் வந்தும் திட்டம் நிற்கவில்லை. எந்த மாதம் காற்று விழும், எந்தக் கரையில் நிற்பது என்று நாள் முழுக்க அதே கதை. அவளுக்குத் தெரியவேண்டியதோ வேறொன்று. அவனை எங்கே அடக்குவது? குருநகரிலிருந்து அவனுடைய தம்பி கொட்வின் போன் எடுக்கும்போதெல்லாம் அதைத்தான் கேட்டான். இங்கே, இத்தாலியின் பலேர்மோவில் அடக்கினால் ஞாயிற்றுக்கிழமையில் பஸ் ஏறிப் போய் ஒரு மெழுகுதிரி கொளுத்தலாம். அது அவளுடைய ஆசை. ஆனால் அவன் ஊர் என்று சொன்னால் ஊர்தான். எப்படிக் கேட்பது? கேட்க வாய் எடுத்தாலே அவன் கடலின் வற்றுப்பெருக்குக் கதைக்குப் போய்விடுவான்.

"தூண்டில் கோலைக் கமக்கட்டுக்குள்ளை இடுக்கி, ரெண்டு கையாலையும் நூலை இழுக்கவேணும்," என்றான் இப்போதும். "கெதியா இழுக்காட்டி மீன் திரும்பியும் பாராது. நீரும் வாரும். கரையிலை இருந்து பாக்கலாம்."

"வாறன். எல்லாம் முடிய எங்கை திரும்பிறது?"

கேட்டபிறகு அவளுடைய கை நின்றுவிட்டது. அவன் முகத்தைத் திருப்பி அவளையே பார்த்தான்.

"இஞ்சைதான். உமக்குக் கிட்ட. வேறை எங்கை?" மூச்சு வாங்கினான். "கொட்வின் விடமாட்டான். நீர் மாறாதையும்."

"ஓம்," என்றாள். கண்ணீர் மறைத்ததால் நூல் எங்கே போகிறதென்று தெரியவில்லை. துடைத்துக்கொண்டு, சுற்றி முடித்து, முடிச்சுப் போட்டு நீட்டினாள்.

"இது சரியோ, பாருங்கோ."

அவன் பார்க்கவில்லை. அவள் இன்னொருதரம் கேட்டாள்.

டாக்டர் வந்து போனபிறகு கொட்வின் வீடியோவில் வந்தான். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"மச்சாள், பெட்டியை அனுப்புங்கோ. அப்பான்ரை கல்லறைக்குப் பக்கத்திலை கிடங்கும் வெட்டியாச்சு."

"ஆரைக் கேட்டு வெட்டினனீங்கள்? மனுசன் காலமைதானே செத்தது!"

"கடைசி நேரத்திலை ஓடித்திரியக்கூடாது எண்டு முந்தாநாளே..."

"உயிரோடை இருந்த மனுசனுக்கோ?"

கொட்வின் தலை குனிந்தான். அவள் குரலைத் தணித்தாள்.

"அவர் இஞ்சை எண்டுதான் சொன்னவர். என்னட்டைச் சொல்லிப்போட்டுத்தான் போனவர்."

"வெட்டின கிடங்கை வெறுமையா மூடக்கூடாது, மச்சாள். பிறகு வீட்டிலை இன்னொரு உயிர் கேக்கும்."

"அவருக்குப் பதிலா ஒரு வாழைக்குத்தியைப் போட்டு மூடுங்கோ."

அவன் இன்னும் கெஞ்சிப் பார்த்தான். அவள் மாறவில்லை.

"சரி, மச்சாள்," என்றான் கடைசியில். "எங்கடை கரையிலை இண்டைக்கு ஒருத்தரும் தொழிலுக்குப் போகேல்லை. அண்ணைக்காக."

போனைக் கடல் பக்கம் திருப்பிப் பிடித்தான். பொழுது சாய்கிற வெளிச்சத்தில் வள்ளங்கள் எல்லாம் மணலில் ஏற்றப்பட்டிருந்தன. கடலில் ஒன்றுகூட இல்லை.