நூறு வாட்டு

தையல்காரருக்குத் தம் மாமனாரைப் பிடிக்கும். மாமனார் தம் வீட்டிலேயே இருப்பதும் பிடிக்கும். பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான்: அவருக்கு இன்னொரு மாப்பிள்ளையும் இருந்தார்.

அந்தச் சின்ன மாப்பிள்ளை மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. தோல்பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் டாக்டராகப் போய், பேசியே மருந்தை விற்பவர். வாயைத் திறந்தால் தேன் ஒழுகும். சர்க்கரைவாயன் என்று தையல்காரர் மனதுக்குள் பெயர் வைத்திருந்தார். அந்தச் சர்க்கரைவாயன் எப்போதாவது வந்து அரை மணி நேரம் சிரித்துவிட்டுப் போவார். மாமனாருக்கு வெந்நீர் வைப்பது, கால் நகம் வெட்டுவது, காதுக் கருவியின் பேட்டரியை மாற்றுவது எல்லாம் தையல்காரர். ஆனால் யார் வந்து கேட்டாலும் கிழவர் வாயில் வருவது என்னவோ சின்னவன் பெயர்தான்.

போன முறை வந்தபோது சின்னவர் ஒரு மேஜை விளக்கு வாங்கி வந்தார். பித்தளைக் கால், பால் நிறத் துணிக் கூடு. மாமனார் மாலையில் குறுக்கெழுத்துப் போடுவதற்காம்.

அன்றிலிருந்து தையல்காரருக்கு வீட்டில் நிம்மதி போயிற்று. பால்காரர் வந்தால் விளக்கு. மாடிவீட்டுக்காரர் வந்தால் விளக்கு. "சின்ன மாப்பிள்ளை குடுத்தது. பெத்த புள்ளைகூட இப்படி யோசிக்க மாட்டான்" என்று மாமனார் சொல்லும் ஒவ்வொரு முறையும், காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இருக்கும். போன வருடம் தாம் அளவெடுத்துத் தைத்துக் கொடுத்த கம்பளிக் கோட்டைப் பற்றி ஒரு ஈ காக்காயிடம்கூட அவர் சொன்னதில்லை. சின்னவன் தந்தால் பொன்குடம், நான் தந்தால் மண்குடமா?

ஒரு நாள் மாமனாரே வாயை விட்டார். "எழுத்து கொஞ்சம் மங்கலாத்தான் தெரியுது மாப்பிள்ளை."

தையல்காரர் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு நேரே மின்சாமான் கடைக்குப் போனார்.

"எத்தனை வாட்டு போடலாம்னு விளக்குலயே எழுதியிருக்குமே, பாத்தீங்களா?" என்று கடைக்காரம்மா கேட்டார்.

"அதெல்லாம் கெடக்கட்டும்மா. இருக்கறதுலயே பெரிய குண்டு பல்பா குடுங்க."

நூறு வாட்டு பல்போடு வீட்டுக்கு வந்தார். பழையதைக் கழற்றும்போது உள்ளே ஒட்டியிருந்த சின்னக் காகிதம் கண்ணில் படத்தான் செய்தது. 'நாற்பது வாட்டுக்கு மேல் கூடாது.' சர்க்கரைவாயன் வாங்கிய விளக்கு, அவனைப் போலவே வெறும் மினுக்கு என்று நினைத்துக்கொண்டு, நூறைத் திருகிவிட்டார்.

சுவிட்சைத் தட்டியதும் அறையே பளீரென்றது. மாமனார் கண்ணைச் சுருக்கி, செய்தித்தாளைத் தூக்கிப் பார்த்து, முகமெல்லாம் பல்லானார்.

"சும்மா சொல்லக்கூடாது! சின்னவன் விளக்கு போகப் போகத்தான் மெருகேறுது!"

'பல்பு நான் போட்டது' என்று சொல்லத் தையல்காரருக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பல்புக்குப் பெயர் கேட்கும் மனிதனா நான்?

இரண்டு மூன்று நாள் போயிற்று. அன்று சாயங்காலம் தையல்கடையிலிருந்து திரும்பி வாசற்படியில் கால் வைத்தபோதே மூக்கு சொல்லிவிட்டது. இஸ்திரிப் பெட்டியின் கீழ் எத்தனையோ துணி கருகிப் பார்த்த மூக்கு. துணி தீய்கிறது! உள்ளே ஓடினார். மாமனார் நாற்காலியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு ஒரு முழம் தள்ளி, விளக்குக் கூட்டின் ஒரு பக்கம் காபி நிறமாகி, மெல்லிய புகை எழுந்துகொண்டிருந்தது.

தையல்காரர் பிளக்கைப் பிடுங்கி எறிந்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால், செய்தித்தாள், நாற்காலி, மாமா... அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

விழித்துக்கொண்ட மாமனார் விளக்கைப் பார்த்து முகம் சுளித்தார். "மட்ட சரக்கு! நல்லா ஏமாந்திருக்கான் சின்னவன். வாய் இருக்கற அளவுக்குப் புத்தி இல்ல அவனுக்கு."

இத்தனை வருடம் காத்திருந்த வார்த்தை. தையல்காரரின் நெஞ்சு குளிர்ந்தது. வாயைத் திறக்கவில்லை.

அவர் மனைவி தங்கைக்குப் போன் செய்ய, மறுநாள் காலையிலேயே சின்னவர் வந்து நின்றார். விளக்கைக் கவிழ்த்தார். காகிதத்தைப் படித்தார். பல்பைத் திருகி எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு தையல்காரரைப் பார்த்தார். அவ்வளவுதான், மானம் கப்பலேறப் போகிறது என்று தையல்காரர் தலையைக் குனிந்தார்.

"தப்பு என்னுதுதான் மாமா" என்றார் சின்னவர். "இதுக்கு எந்த பல்பு போடணும்னு சொல்லாமலே குடுத்துட்டுப் போயிட்டேன்."

"ஒத்துக்கறான் பாரு! அதுக்கும் ஒரு மனசு வேணும்" என்று மாமனார் உருகிவிட்டார்.

தையல்காரருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. விளக்குக்குப் பெயர் வாங்கினான். என் பல்புக்கும் பெயர் வாங்கினான். இப்போது நான் செய்த தப்புக்கும் இவனே பெயர் வாங்கிக்கொண்டு போக வேண்டுமா?

"அவர் ஒண்ணும் பண்ணல!" என்று கத்தினார். "நூறு வாட்டு போட்டது நான்! நாப்பதுன்னு எழுதியிருந்ததைப் பாத்துட்டேதான் போட்டேன்!"

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. மாமனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் தூங்கற எடத்துலயா மாப்பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

சகலைகள் இருவரும் மின்சாமான் கடைக்குக் கிளம்பினார்கள். சூட்டில் உருகிப் போயிருந்த பல்பு ஹோல்டரைக் கையில் வைத்துக்கொண்டு, தெருமுனை வரை வந்த சின்னவர் திடீரென்று நின்றார்.

"அண்ணே, எம்மேல உங்களுக்கு என்ன கோவம்?"

"நீங்க எது செஞ்சாலும் அவருக்கு வெல்லம். நான் செஞ்சா கண்ணுலயே படாது."

சின்னவர் சிரித்தார். வழக்கமான சிரிப்பு இல்லை. "எங்க வீட்டுக்கு வாங்க மாமான்னு எத்தனை தடவை கூப்பிட்டிருக்கேன் தெரியுமா? மாடியில அவருக்குன்னே தனி ரூம் போட்டேன். 'பெரியவன் வீட்லதான் எனக்குத் தூக்கம் வரும்'னுட்டாரு. அந்த ரூம் இன்னும் பூட்டித்தான் கெடக்கு. நான் விருந்தாளி அண்ணே. விருந்தாளியைப் புகழத்தான் செய்வாங்க. அன்னைக்கெல்லாம் உங்களை நெனச்சு வயிறெரிஞ்சிருக்கேன்."

தையல்காரர் அவர் கையிலிருந்த ஹோல்டரை வாங்கிக்கொண்டு நடந்தார்.

இந்த முறை கடைக்காரம்மாவிடம் காகிதத்தில் இருந்ததைச் சரியாகச் சொன்னார்கள். "அப்ப ஒம்போது வாட்டு எல்ஈடி போடுங்க. நாப்பது வாட்டு குண்டு பல்பைவிட வெளிச்சம் ஜாஸ்தி, சூடு கம்மி. துணி கருகாது" என்று அந்தம்மா புது ஹோல்டரோடு எடுத்துக் கொடுத்தார். தையல்காரர் ஒன்பதா என்று ஒரு கணம் முகம் சுருக்கினார். வாங்கிக்கொண்டார்.

அன்று பிற்பகல் விளக்கின் கம்பிச் சட்டத்தைத் தம் தையல்கடைக்கு எடுத்துப்போய், வெள்ளைப் பருத்தித் துணியில் புதுக் கூடு தைத்தார். மெஷினை மிதிக்கும்போது அவர் வாய் தானாக ஏதோ பாட்டை முணுமுணுத்தது. சாப்பாட்டுத் தூக்கோடு வந்த மனைவி, "என்னங்க, வீட்டையே கொளுத்தப் பாத்துட்டு இப்ப பாட்டு வேறயா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல, நூலை எடு" என்றார். சின்னவர் வீட்டு மாடியில் பூட்டிக் கிடக்கும் அந்த அறையைப் பற்றி மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.