கட்டுரையில் முதல் பெயர்

ஓசூருக்கு வெளியே, முலாம் பூசும் பட்டறைகளை ஒட்டிய காலனியில் ஃபெபாவைத் தெரியாதவர்கள் கிடையாது. கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். வருஷம் முழுக்க பஸ் மாறி வந்து, வீடு வீடாக ஏறி இறங்கி போர்வெல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் போனாள். அங்கே குடியிருந்த பவளத்தின் வீட்டில்தான் பையை இறக்கி வைப்பாள்.

பட்டறைகளை ஒட்டிய போர்களில், முலாம் கழிவில் வரும் குரோமியம் அளவுக்கு மேல் இருந்தது. பவளத்தின் வீட்டுப் போரும் அதில் ஒன்று. திரும்பத் திரும்பச் சோதித்தாள், மாறவில்லை. முடிவுகளை ஆய்வு நெறியாளர் மாதவனிடம் கொடுத்தாள்.

"நல்ல வேலைம்மா. கட்டுரைய நானே எழுதி அனுப்பிடறேன். நீ தீசிஸைப் பாரு" என்றார். அவளுக்குப் பெருமையாக இருந்தது.

2007 மழைக்காலத்தில் கட்டுரை அச்சாகி வந்தது. மாதவன் துறையில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். முதல் பெயர் ஃபெபாவுடையது. அட்டவணையை வரி வரியாகத் தேடினாள். பட்டறைப் பக்கத்துப் போர்கள் ஒன்றுகூட அதில் இல்லை. இப்பகுதித் தண்ணீர் குடிக்க ஏற்றது என்று கட்டுரை முடிந்திருந்தது.

"சார், அந்த போரெல்லாம் எங்க சார்?"

"மத்ததோட ஒத்துவரல. எடுத்துட்டேன்."

"எத்தனை தடவ சோதிச்சாலும் அதே அளவுதான சார் வந்துது."

மாதவன் குரலை உயர்த்தவில்லை. "லேபுக்குக் கருவி யாரு வாங்கிக் குடுத்தாங்க? பட்டறைக்காரங்க சங்கம். உனக்கு பிஎச்.டி. வைவா வருது. முதல் பேரு உன்னுது. பொய்யின்னு நீயே சொன்னா, பொய் சொன்னது யாருன்னு நெனைப்பாங்க?"

அவள் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, கட்டுரை வந்த ஆய்விதழின் ஆசிரியருக்கு எல்லாவற்றையும் எழுதினாள். புகாரை விளக்கத்துக்காக மாதவனுக்கே அனுப்பியிருப்பதாகப் பதில் வந்தது. அந்த வாரமே வைவா தேதி குறிப்பிடாமல் தள்ளிப்போனது. லேப் சாவியைத் திருப்பிக் கேட்டார்கள். பிரின்சிபாலிடம் போனாள். "சார்கிட்ட பேசி சமாதானமாப் போயிடும்மா" என்றார் அவர்.

காலனிக்குப் போனபோது பவளம் காலிக் குடங்களோடு நின்றுகொண்டிருந்தாள்.

"குடிக்க விட்டுட்டிருந்த லாரித் தண்ணிய நிறுத்திட்டாங்க கண்ணு. போர்த் தண்ணியே நல்லாருக்குன்னு நீ எழுதிட்டியாமே. பஞ்சாயத்து ஆபீசரு உம் பேரக் காமிச்சாரு."

"நான் அப்படி எழுதலக்கா. குடிக்காதீங்க. உங்க போர்த் தண்ணி கெட்டுப் போயிருக்கு."

அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். கங்கப்பன் என்ற பட்டறைத் தொழிலாளி முன்னால் வந்தார். "புக்குல ஒண்ணு போடறீங்க, இங்க வந்து ஒண்ணு சொல்றீங்க. எத நம்பறதுங்க?"

ஃபெபா நெறியாளரைப் பற்றியும் எடுத்துவிட்ட அளவுகளைப் பற்றியும் சொன்னாள். சொல்லச் சொல்ல, தன் காதுக்கே அது சாக்குப்போக்காகக் கேட்டது.

"அப்ப அந்த ஆபீசர்கிட்ட வந்து சொல்லு" என்றாள் பவளம்.

இருவரும் போனார்கள். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். "இது அச்சுல வந்துடுச்சு. இதுக்கு மாறா அச்சுல ஏதாவது இருந்தா கொண்டாங்க, லாரி விடச் சொல்றேன்" என்றார்.

வெளியே வந்த பிறகு பவளம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று ஃபெபாவுக்குத் தோன்றியது.

"புள்ளைங்க ஸ்கூல்ல இருந்து வந்ததும் தண்ணி கேக்குங்க கண்ணு" என்று சொல்லிவிட்டு, வீட்டுப் போர் மோட்டாரைப் போட பவளம் வேகமாக நடந்தாள்.