இரண்டாம் நம்பர்

நாவிதர் கத்தியை மடித்துவிட்டார். இடது கன்னத்தை மழித்தாயிற்று, வலது கன்னத்தில் கை வைக்க மாட்டேன் என்றார். தையல்களுக்கு நடுவே ஐந்து நாள் தாடி முளைத்திருக்கிறது, கத்தி பட்டால் நூல் அறுந்துவிடும், செத்தவன் முகத்தைப் பிய்த்த பாவம் எனக்கு எதற்கு என்றார். அதில் நியாயம் இருந்தது. சிவஞானம் கத்தியை வாங்கிக்கொண்டு அக்கா புருஷனின் முகத்தருகே குனிந்தான். குனிந்தவன் மழிக்கவில்லை. தையல்களை எண்ணத் தொடங்கினான்.

கண்ணுக்குக் கீழிருந்து உதட்டோரம் வரை பதினொன்று. வெள்ளிக்கிழமை அவன் கையால் எழுதிய மஞ்சள் படிவத்தில் நான்கு என்று இருந்தது.

சிவஞானம் தேயிலைத் தோட்டத்து மருந்துச்சாலையில் கிளார்க். ஆறு வருடமாக விபத்துப் படிவம் எழுதுகிறவன். காயத்தின் நீளம், ஆழம், எத்தனை அடுக்காகத் தைத்தது, கடைசிக் கட்டத்தில் ஒரு நம்பர். தோலோடு போன காயம் ஒன்றாம் நம்பர். கட்டுப்போட்டு லயத்து வீட்டுக்கு அனுப்பிவிடலாம். சதை கிழிந்து உள்ளும் புறமும் தைக்கவேண்டியது இரண்டாம் நம்பர். அதற்கு லொறி வரவேண்டும், பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், தோட்டத்து மேனேஜர் பெரியதொரைக்குக் கடிதம் போகவேண்டும். தோட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவனுக்குக்கூட இந்த இரண்டு நம்பரும் தெரியும்.

கொழுந்து மூட்டைகளை மலையிலிருந்து பெக்டரிக்கு இறக்கும் கம்பியில் கொக்கி ஒன்று தெறித்து மச்சான் நல்லையாவின் முகத்தில் அடித்தது. கன்னம் வாய்க்குள் வரை திறந்துவிட்டது. பதுளையில் பெரிய டாக்டராக இருந்தால் முதலில் வாயின் உட்பக்கம், பிறகு சதை, கடைசியில் மெல்லிய நூலால் தோல் என்று மூன்று அடுக்காகத் தைத்திருப்பார். திரும்பி வந்தவர்களின் ஆஸ்பத்திரித் துண்டுகளை வாசித்து வாசித்து சிவஞானத்துக்கு அது மனப்பாடம். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயா தோலை மட்டும் இழுத்துப் பிடித்துத் தைத்தார். தைத்து முடித்துக் கை கழுவிக்கொண்டே, என்ன நம்பர் போடப்போகிறாய் என்று இவனைக் கேட்டார். இரண்டு போட்டால் தொரைக்கு அவர்தான் பதில் சொல்லவேண்டும்.

சிவஞானம் மச்சானைப் பார்த்தான். நல்லையாவால் பேச முடியாது. ஒரு கையால் துணியைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு மறு கையில் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினான்.

அடுத்த வியாழக்கிழமை கண்டியில் பாஸ்போர்ட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இந்தியாவுக்குத் திரும்பப் பெயர் கொடுத்து ஏழு வருடம் காத்திருந்து வந்த தேதி. குடும்பத்தோடு நேரில் போய் நிற்கவேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தால் தேதி போய்விடும், மறுபடி எப்போது கூப்பிடுவார்களோ. முகம் ஆறாவிட்டாலும் கட்டோடு போய் நின்றுவிடலாம் என்பது நல்லையாவின் கணக்கு. சிவஞானம் ஒன்று என்று எழுதினான். இரண்டு அங்குலம், தோல், ஓர் அடுக்கு, நான்கு தையல் என்று அதற்குத் தோதாக மற்றக் கட்டங்களையும் நிரப்பினான். பொய்யைப் பாதியில் விட்டால் நிற்காது என்று அவனுக்குத் தெரியும்.

சனிக்கிழமை அக்கா பெரியாயி புருஷனுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். குடித்தது தையல் வழியாகக் கசிந்து கட்டு நனைந்தது. திங்கட்கிழமை கன்னம் வீங்கிக் கண் மூடிக்கொண்டது. செவ்வாய்க்கிழமை சிவஞானம் டிஸ்பென்சரின் காலில் விழாத குறையாகக் கேட்டான், லொறிக்கு எழுதித் தாருங்கள் என்று. ஒன்றாம் நம்பருக்கு லொறி கேட்டால் தொரை ஏன் என்று கேட்பாரே என்றார் அவர். ஒன்று போட்டது யார் என்றும் கேட்டார். இன்று, புதன்கிழமை, விடிவதற்குள் நல்லையா போய்விட்டான்.

"என்னடா தம்பி, மழிக்கலியா?"

பெரியாயி பின்னால் நின்றாள். அழுது அழுது அவள் குரல் போயிருந்தது.

"மழிக்கிறேன்க்கா" என்றான். மழிக்காமல் கத்தியைக் கீழே வைத்தான்.

காலையிலேயே டிஸ்பென்சர் இவனைத் தனியே கூப்பிட்டுப் பேசியிருந்தார். மரணத் துண்டில் காய்ச்சல் என்று எழுது, நான்கு மணிக்குள் எடுத்துவிடச் சொல், உனக்கும் வேலை இருக்கும், எனக்கும் இருக்கும் என்றார். மிரட்டவில்லை, அன்பாகத்தான் சொன்னார். வேலையில் பட்ட காயத்தால் செத்தால் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு நட்டஈடு உண்டு. காய்ச்சலில் செத்தால் தோட்டம் கொடுக்கும் பெட்டிப் பலகையோடு சரி. அக்கா இரண்டு பெண்பிள்ளைகளையும் வெறுங்கையையும் கொண்டு என்றைக்காவது முன்பின் பார்த்திராத ஊரில் கப்பலிலிருந்து இறங்குவாள். காயம் எத்தனை ஆழம் என்பதற்கு இந்த உலகத்தில் ஒரே சாட்சி இந்தக் கன்னம். நான்கு மணிக்கு அது மண்ணுக்குள் போய்விடும்.

வெளியே தப்பு அடிக்கத் தொடங்கினார்கள். பாடை கட்டியாகிவிட்டது. கங்காணி உள்ளே எட்டிப் பார்த்து, குளிப்பாட்டலாமா, மழை இறங்குது என்றார்.

சிவஞானத்தின் சட்டைப்பையில் ஒரு துண்டு இருந்தது. சனி ஞாயிறுகளில் டிஸ்பென்சர் ஊருக்குப் போவார், போகுமுன் வெறும் லொறித் துண்டுகளில் கையெழுத்துப் போட்டு வைப்பார். அதில் ஒன்றை மத்தியானம் எடுத்து நம்பரை எழுதி, பெக்டரி லொறி டிரைவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தான். செவ்வாய்க்கிழமையும் அந்தத் துண்டுகள் அதே மேசை இழுப்பறையில்தான் கிடந்தன. அன்றைக்கு ஏன் எடுக்கவில்லை? பயந்தான், வேறொன்றுமில்லை. வேலைக்கும் அதோடு தோட்டம் கொடுத்த கல் அறைக்கும் பயந்து மச்சானைச் சாகவிட்டான்.

அவன் எழுந்து வாசலுக்கு வந்தான்.

"குளிப்பாட்ட வேணாம். எடுக்கவும் வேணாம். பதுளைக்குக் கொண்டு போகணும்."

தப்பு நின்றது. செத்தவனை அறுக்கக் கொடுக்கிறதா, சொந்த மச்சானா இப்படிப் பேசுகிறான் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். கங்காணி அவன் தோளைப் பிடித்து உள்ளே தள்ளப் பார்த்தார். சிவஞானம் நகரவில்லை. கூட்டத்தைப் பார்த்துப் பேச முடியாமல் அக்காவைப் பார்த்துப் பேசினான்.

"அது ரெண்டாம் நம்பருக்கா. பாத்ததுமே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஒன்னுன்னு எழுதினேன்."

பெரியாயி அவன் மேல் பாய்ந்து அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அடித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தகரக் கூரையில் முதல் தூறல் விழுந்தது.

"அவரு விரலக் காட்டினப்ப நானும் கதவுக்கிட்டதான் நின்னேன்" என்றாள். "நானும் பாத்துட்டுப் பேசாமத்தான் இருந்தேன்."

கீழே வளைவில் லொறிச் சத்தம் கேட்டது. டிரைவர் ஹுமைத் பதுளைக்காரர், எந்தக் காயக்காரரை ஏற்றினாலும் துண்டை ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் கதவைத் திறப்பார். சிவஞானம் நீட்டிய இதையும் வாசித்தார். பேரைப் பார்த்தார், நம்பரைப் பார்த்தார், வாசலில் சாத்தியிருந்த பாடையைப் பார்த்தார். துண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பின்கதவை இறக்கினார்.

நான்கு பேர் நல்லையாவைப் பாயோடு தூக்கிக் கொழுந்துச் சாக்குகளின் மேல் கிடத்தினார்கள். பெரியாயி ஏறி உட்கார்ந்து, மழித்த கன்னம் கீழே இருக்கும்படி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். முந்தானையை மேலே மழைக்குப் பிடித்தாள். எதிரே சிவஞானம் ஏறினான். போட்டிருந்த சட்டையைத் தவிர அவன் ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஹுமைத் எஞ்சினை முடுக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டினார். இருட்டுவதற்குள் போய்ச் சேரவேண்டும், கொஞ்சம் விரட்டட்டுமா என்று கேட்டார்.

"வேணாங்க, மெதுவாப் போங்க" என்றாள் பெரியாயி. "குலுங்கினா தையல் பிரிஞ்சிரும்."