பட்டியலில் இல்லாத முப்பத்தொரு புத்தகங்கள்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கதை எழுத நான் உட்காரவில்லை. எங்கள் வீட்டுப் புத்தகங்களுக்குப் பட்டியல் எழுதச் சொன்னார் அண்ணன் எலீ. பிரான்சின் நீம் நகரத்தில் வழக்கறிஞர் ரூமியூ வீடு என்றால் புத்தக வீடு. தாத்தா தொடங்கினார், அப்பா பெருக்கினார். பதினேழாம் பக்கத்தில் கை ஓய்ந்து, நான்...

(இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை. முடியவில்லை.)

2.

'அன்று காலை வானம்' என்று தொடங்கியிருந்தேன். வானத்தை யார் பார்த்தார்கள்? அடித்துவிட்டேன்.

அரசர் எங்கள் புராட்டஸ்டண்ட் மதத்தைத் தடைசெய்து மூன்று வாரம். ஊரோடு நாங்களும் கத்தோலிக்கர் என்று கையெழுத்துப் போட்டாயிற்று. விடிந்தால் வீட்டுச் சோதனை. பழைய மதத்துப் புத்தகம் ஒன்று சிக்கினாலும் சிறைதான்.

"அண்ணே, அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"கேட்டா விட்டுருவாரா? கண்ணு தெரியாத மனுஷனை ஜெயில்ல உட்கார வைக்கணுமா? நீதான் பெரிய படிப்பாளியாச்சே, நீயே சொல்லு."

பழைய மதத்துப் புத்தகங்கள் முப்பத்தொன்றும் ரொட்டி அடுப்புக்குள் போயின.

(அண்ணனைக் கொடியவராக எழுதிப் பார்த்தேன். பொய். அட்டையைப் பிய்த்துக் கொடுத்தவள் நான். அழுதவர் அவர்.)

காலியான இடங்களில் அதே உயரத்துச் சட்டப் புத்தகங்களைச் செருகினோம்.

3.

அப்பா புத்தகங்களைத் தடவித்தான் அறிவார். மாலையில் அலமாரிக்கு வந்தார். தாத்தாவின் பைபிள் சங்கீதப் புத்தகம் இருந்த இடத்தில் விரல்கள் நின்றன. அங்கிருந்ததை உருவி, முகர்ந்து, என்னிடம் நீட்டினார்.

"சூசான், கொஞ்சம் வாசிம்மா."

என் கையில் இருந்தது குத்தகைச் சட்டம். மனப்பாடமாகத் தெரிந்த சங்கீதம் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் ஒரு வரி மறந்துபோனது. அப்பா அந்த வரியை எடுத்துக்கொடுத்தார்.

"எழுத்து மங்கிப்போச்சா? பரவாயில்லை. பக்கத்தைத் திருப்பு."

திருப்பினேன்.

4.

சோதனைக்காரர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். ஒன்றும் சிக்கவில்லை.

முடிவு இரண்டு எழுதினேன். ஒன்றில் அப்பாவுக்கு எல்லாம் தெரியும், ஒன்றில் தெரியாது. இரண்டையும் கிழித்துவிட்டேன். அடுத்த அறையில்தான் இருக்கிறார், போய்க் கேட்கலாம். கேட்கத் தெம்பில்லை. வேண்டிய முடிவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

கூப்பிடுகிறார். இன்றைக்கு நூற்றிரண்டாம் சங்கீதம் வேண்டுமாம். அது எனக்கு மனப்பாடமில்லை.