இஸ்கோப்பன் போடவா?

1

இந்தக் கதை என் அடையாள அட்டையின் பின்பக்கத்தில் தொடங்கியது. முன்பக்கத்தை ஒழுங்காகக் கொப்பி எடுத்துக் கொடுத்த இயந்திரம் பின்பக்கத்தை எடுக்க மறுத்துவிட்டது. இடம், பண்டாரவளை பஸ் நிலையத்துக்கு எதிரே மாடிப்படி ஏறினால் வரும் 'நிமலன் கேம் சென்டர்'. கரம் பலகை, செஸ், பழைய வீடியோ கேம்கள், விளையாட்டுக் கடதாசிக் கட்டுகள், மூலையில் ஒரு போட்டோக் கொப்பி இயந்திரம். கடையை வாழவைப்பது அந்த மூலைதான். கடைக்காரர் நிமலன் இயந்திரத்தின் வயிற்றைத் திறந்து உள்ளே கையை விட்டுக்கொண்டிருந்தபோது, சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலை வாசித்தேன்.

'புதியவர்களுக்கான ஓமிப் போட்டி. ஞாயிறு காலை. விளையாடத் தெரியாதவர்கள் மட்டும் வரவும். பரிசு: கோப்பையும் மின்சாரக் கேத்தலும்.'

[ஓமி தெரியாத வாசகருக்கு: சீட்டாட்டம். நான்கு பேர், முப்பத்திரண்டு கடதாசி, நான்கு இனம்; அவற்றில் ஆட்டினும் டைமனும் சிவப்பு, இஸ்கோப்பன் கறுப்பு. எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். ஒருவர் இறக்கிய இனத்தையே மற்றவர்களும் இறக்க வேண்டும், பெரியது வெல்லும். அந்த இனம் கையில் இல்லாதவர், மற்ற எல்லாவற்றையும் வெல்லும் இனமான துரும்பால் வெட்டலாம், அல்லது வேறு எதையாவது போட்டுச் சுற்றை விட்டுவிடலாம். கூட்டாளிகள் பேசிக்கொள்ளக் கூடாது. இருமினாலே சந்தேகம்.]

ஊவா மாகாணத்தில் ஓமி தெரியாதவர்களைக் கூட்டிப் போட்டி நடத்துவதென்றால் முதலில் அவர்களை வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும். இதை நிமலனிடம் சொன்னேன். அவர் இயந்திரத்துக்குள்ளிருந்து, "வருவாங்க சேர்," என்றார்.

2

தொடக்கம் ஒன்று: 'பண்டாரவளைக் கடைத்தெருவை மூடுபனி மெல்ல மெல்ல—'

நிறுத்தினேன். மலையகக் கதைகளில் பனி போதிய அளவு இறங்கிவிட்டது. தவிர, அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டையைப் பிளக்கும் வெயில்.

தொடக்கம் இரண்டு: 'கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த விஜயலெட்சுமி—'

இதுவும் சரிவராது. விஜயலெட்சுமிக்குத் தோட்டத்தில் வீடு இருக்கிறதே தவிர, வேலை எல்ல என்ற ஊரில். ஒரு விருந்தினர் விடுதியின் சமையலறையில் வெள்ளைக்காரர்களுக்கு ரொட்டி சுடுகிறார். கூடையை அவர் முதுகில் ஏற்றியது நான்தான், பழக்க தோஷத்தில்.

தொடக்கம் மூன்று: 'நிமலனும் அவனுடைய அக்கா விஜயலெட்சுமியும் பேசிக்கொள்வதில்லை.'

இது உண்மை. ஆனால் என்னிடம் பிரின்டர் இல்லை. எழுதுவதையெல்லாம் நிமலனிடம்தான் அச்செடுக்கிறேன். ஆகவே இந்தக் கதையின் பாத்திரமே இதன் முதல் வாசகராகவும் இருக்கிறார், இது எனக்கு வசதியாக இல்லை. மூன்றாம் தொடக்கத்தை அவர் இயந்திரத்தின் அருகில் நின்றபடியே வாசித்தார்.

"என்ன சேர், ஆட்டம் தொடங்க முந்தியே துரும்பக் காட்டிட்டீங்க."

அந்த வரியை அடித்துவிடவா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்றார்.

3

இனிக் கதை. கடையில் நிற்கும்போது நிமலன் 'அவர்', கதைக்குள் வந்துவிட்டால் 'அவன்'. இதற்கு அவர் ஆட்சேபம் சொல்லவில்லை.

நிமலன் கட்டாரில் சில வருடங்கள் வேலை செய்துவிட்டு வந்து இந்தக் கடையைப் போட்டவன். ஆட்கள் வந்து உட்கார்ந்து விளையாட வேண்டும் என்று மேசைகளையும் போட்டான். ஆட்கள் வந்தார்கள், கொப்பி எடுத்தார்கள், போனார்கள். மேசைகளில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் கெட்டிக்காரர்கள். அவர்கள் உட்கார்ந்தால் சண்டை வந்தது.

"தெரியாதவங்க ஒருக்கா பிழையாப் போட்டா நாலு பேர் சிரிக்கிறாங்க. அதுக்குப் பொறகு அவங்க படியே ஏற மாட்டாங்க. தெரியாதுன்னு சொல்றதுக்கும் ஒரு எடம் வேணும்தானே?"

[இந்தப் பேச்சு நான் அவனுக்கு எழுதிக் கொடுத்தது போல இருக்கிறது. இல்லை. அவர் உண்மையிலேயே இப்படிப் பேசுகிறவர். ஒரு பாத்திரம் தன் நோக்கத்தை இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டால் எழுதுகிறவனுக்கு என்ன வேலை?]

புதியவர்களுக்காக அவன் இரண்டு சலுகைகளை யோசித்து வைத்தான். எட்டுச் சுற்றுக்கும் கணக்குப் பார்த்துக் குழம்ப வேண்டாம், முதலில் நான்கு சுற்று எடுக்கிற அணி வென்றது. இது முதலாவது. இரண்டாவதுதான் இந்தக் கதை: பேசக் கூடாது என்ற சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தி, ஒவ்வொருவரும் ஓர் ஆட்டத்தில் ஒரேயொரு முறை கூட்டாளியிடம் ஒரு கேள்வி கேட்கலாம் என்றான். கூட்டாளி ஆம் அல்லது இல்லை என்று மட்டும் பதில் சொல்ல வேண்டும்.

நடுவர், கீழ்க்கடையில் போன் திருத்தும் றுஷ்தி நானா. சட்டம் என்று ஒன்று எழுதியிருந்தால் அதைக் கடைசி எழுத்து வரை நடத்திவைக்கிற மனிதர்.

4

ஞாயிற்றுக்கிழமை காலையில் பண்டாரவளையே ஓமி தெரியாத ஊராகிவிட்டது.

எல்லப் பாதையில் ஓடும் பஸ்ஸின் கண்டக்டர் மாடசாமி வந்தார். "ஆட்டின்னா என்னாங்க? சிவப்பா, கறுப்பா?" என்று பணிவாகக் கேட்டார். கேட்டுக்கொண்டே கடதாசிக் கட்டை எடுத்து ஒரு கையால் கலைத்தார். கடதாசிகள் தண்ணீர் போல ஓடி ஒன்று சேர்ந்தன. றுஷ்தி நானா அதைப் பார்த்தார். பிறகு அவர் பெயரைப் பதிந்தார். தெரியாது என்று ஒருவர் சொன்னால் நம்ப வேண்டும் என்பதுதான் சட்டம்.

தபால் கந்தோரில் வேலை செய்யும் யோகம்மா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். "எனக்கு ஒண்டும் தெரியாது தம்பி, பிறகு ஏசக் கூடாது," என்றார். அன்று அந்தக் கடையில் சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான்.

பிறகு விஜயலெட்சுமி வந்தார். படியேறிய களைப்பில் மூச்சு வாங்கினார். தம்பி இருந்த பக்கம் பார்க்கவில்லை.

"ஓமி வெளாடத் தெரியுமா?" என்றார் றுஷ்தி நானா.

"கடதாசியத் தொட்டதே இல்லங்க."

நிமலன் கரம் பலகைக்கு மா தூவிக்கொண்டிருந்தான். கரம் போட்டி அன்றைக்கு இல்லை. சிறு வயதில் தோட்டத்து லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் ஓமியில் அழவைத்தவள் அக்கா. அழுதவர்களில் முதல் ஆள் அவன். ஒரு வார்த்தை சொன்னால் அவளைப் போட்டியிலிருந்து நீக்கிவிடலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு அவளைப் பற்றிப் பேச வேண்டும். அவன் மா தூவினான்.

ஏன் வந்தீர்கள் என்று பின்னொரு நாள் விஜயலெட்சுமியிடம் கேட்டேன். "கேத்தல் ஒடஞ்சு போச்சு," என்றார்.

5

காரணத்தைச் சொல்லாமல் இனி நகர முடியாது.

[முதலில் நானாக ஒன்று செய்து பார்த்தேன்: தோட்டத்தில் கொடுத்த ஏழு பேர்ச் காணியில் வீடு யார் பெயருக்கு என்ற தகராறு. நீக்கிவிட்டேன். காணிச் சண்டை என்று எழுதினால் எல்லாரும் உடனே நம்பிவிடுவார்கள். அவ்வளவு சுலபமாக நம்பப்படுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.]

அம்மா இறந்தபோது நிமலன் கட்டாரில் இருந்தான். வரவில்லை. கம்பனி விடவில்லை என்றான் அவன். ஓவர்டைம் போய்விடும் என்று வரவில்லை என்றார்கள் லயத்தில் சிலர், அதை அக்காவின் காதிலும் போட்டார்கள். செத்த வீட்டை அவன் முகாம் கட்டிலில் உட்கார்ந்து போனில் பார்த்தான். இந்தப் பக்கம் போனைப் பிடித்துக்கொண்டு நின்றது அக்கா. பெட்டியைத் தூக்குகிற நேரத்தில் படம் நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப எடுத்தான். அக்கா எடுக்கவில்லை. அன்றைக்குப் பிறகு இருவரும் பேசவில்லை. நாடு திரும்பியும் அவன் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. பண்டாரவளைக்கு வந்தாலும் அவள் இந்தப் படியில் ஏறவில்லை.

இவ்வளவு காலமும் அவனிடம் ஒரே ஒரு கேள்வி இருந்தது.

'அக்கா, அன்னைக்குப் போன நீயாவா கட் பண்ணுன?'

இதைக் கொஞ்சம் வேடிக்கையாக எழுத முயன்றேன். முடியவில்லை. பாவமாக இருக்கிறது. அப்படியே விடுகிறேன்.

6

சொந்தக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்தால் கண்ணால் பேசுவார்கள் என்பதற்காகக் கூட்டாளிகளைக் குலுக்கல் முறையில் எடுத்தார்கள். வெலிமடையிலிருந்து வரவேண்டிய ஒருவர் வரவில்லை. ஆள் ஒன்று குறைந்தது. றுஷ்தி நானா ஒரு துண்டுத் தாளில் நிமலனின் பெயரை எழுதி டப்பாவுக்குள் போட்டார். குலுக்கினார். எடுத்தார். வாசித்தார்.

"விஜயலெட்சுமி, நிமலன்."*

* அந்தக் குலுக்கல் நேர்மையானதா என்று றுஷ்தி நானாவிடம் கேட்டேன். "அல்லாஹ்வுக்குத் தெரியும்," என்றார். வேறு விளக்கம் கிடைக்கவில்லை.

எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மற்ற மேசைகளில் ஒரே சத்தம். கிடைத்த ஒரு கேள்வியை முதல் சுற்றிலேயே செலவழித்துவிட்டு, இருமினார்கள், செருமினார்கள், காலால் மிதித்தார்கள். றுஷ்தி நானா ஒவ்வொரு மேசையாகப் போய் எச்சரித்தார். அக்காவும் தம்பியும் வாயே திறக்கவில்லை. முகத்தையும் பார்க்கவில்லை. கடதாசியை மட்டும் பார்த்தார்கள். அவள் எதை இறக்கினால் என்ன அர்த்தம் என்பது அவன் கைக்கு நினைவிருந்தது. முதல் ஆட்டத்தை வென்றார்கள். அடுத்ததையும் வென்றார்கள்.

"இந்த ரெண்டு பேரும்தான் சட்டப்படி வெளாடுற," என்று றுஷ்தி நானா எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

ஒவ்வோர் ஆட்டத்திலும் நிமலனுக்கு ஒரு கேள்வி கிடைத்தது. ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்தான், தண்ணீர் குடித்தான்.

7

இறுதி ஆட்டம். எதிரணி மாடசாமியும் யோகம்மாவும். துரும்பு ஆட்டின். ஆறு சுற்று முடிந்தபோது அந்தப் பக்கம் மூன்று, இந்தப் பக்கம் மூன்று. அடுத்த சுற்றை எடுப்பவர்களுக்குக் கோப்பையும் கேத்தலும். எல்லாரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். நான் விஜயலெட்சுமிக்குப் பின்னால் நின்றேன்.

யோகம்மாவின் முறை. அவர் தன் கேள்வியை எடுத்தார். "தம்பி, ஆஸ்தானே பெரிசு?"

"ஆமாங்க," என்றார் மாடசாமி, வேதனையோடு.

யோகம்மா டைமன் ஆஸை இறக்கினார். நிமலன் ஒரு சின்ன டைமன் போட்டான். மாடசாமியும் டைமன் போட்டார். கடைசியாக விஜயலெட்சுமி. கையில் இரண்டே கடதாசி. டைமன் இல்லை. ஒன்று ஆட்டின் பத்து, மற்றது இஸ்கோப்பன் ஏழு. நான் பார்த்தேன்.

நிமலன் அதைப் பார்க்கவில்லை, ஆனால் அவனுக்கும் தெரியும். ஆட்டினில் பத்து மட்டும்தான் இன்னும் வெளியே வரவில்லை. எதிரணியில் இருவருக்கும் ஆட்டின் தீர்ந்தது எல்லாரும் கண்டது. அவனிடமும் இல்லை. அப்படியானால் அது அக்காவிடம். வெட்டினால் முடிந்தது. சின்னப் பிள்ளையும் வெட்டும்.

விஜயலெட்சுமி கையை உயர்த்தினார். "எனக்குக் கேள்வி இருக்கு."

அன்று முழுக்க அந்த மேசையில் கேட்ட அவருடைய முதல் குரல் அது. கடதாசியிலிருந்து கண்ணை எடுத்துத் தம்பியைப் பார்த்தார்.

"நீ வரப் பாத்தியா?"

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. நிமலன் கையிலிருந்த ஒற்றைக் கடதாசியை மேசையில் கவிழ்த்து வைத்தான்.

"இது ஆட்டத்தப் பத்தின கேள்வி இல்ல," என்றார் றுஷ்தி நானா. "செல்லாது. வேற ஒண்டு கேக்க ஏலும்."

விஜயலெட்சுமி தலையாட்டினார். சட்டத்தை ஏற்றுக்கொண்டார். கையிலிருந்த இரண்டையும் ஒரு முறை பார்த்தார்.

"சரிங்க. இஸ்கோப்பன் போடவா?"

பின்னால் நின்றவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தலையில் கை வைத்தோம். மாடசாமியால் தாங்க முடியவில்லை. எதிரணி என்பதையும் மறந்தார், ஆட்டின் சிவப்பா கறுப்பா என்று தெரியாதவர் என்பதையும் மறந்தார். "அட கடவுளே, துரும்பால வெட்டும்மா!" என்று கத்திவிட்டார்.

நிமலன் அக்காவைப் பார்த்தான்.

"ஆமா," என்றான். "ஆமாங்கா."

விஜயலெட்சுமி இஸ்கோப்பன் ஏழை மேசையில் வைத்தார். ஆட்டின் பத்தைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"இப்ப ஆர் வெண்டது?" என்று கேட்டார் யோகம்மா.

அவர்தான். புதியவர்களுக்கான போட்டியைப் புதியவர் ஒருவரே வென்றார். பெரும்பாலும் இப்படி நடப்பதில்லை.

[இந்த இடத்தில், அந்த 'ஆமா' எந்தக் கேள்விக்கு என்று அரைப் பக்கம் விளக்கி எழுதியிருந்தேன். நிமலன் அதை வாசித்துவிட்டு, என் பேனையை வாங்கி அடித்துவிட்டார். "ஓமி தெரிஞ்சவங்களுக்கு வெளங்கும் சேர். தெரியாதவங்களுக்கும் வெளங்கும்," என்றார்.]

8

முடிவு.

'நிமலன் படியிறங்கி ஓடினான். பஸ் புறப்பட—'

"நான் ஓடல சேர். மேசை, கதிரை அடுக்கிக்கிட்டு இருந்தேன்."

விசாரித்தேன். உண்மைதான். றுஷ்தி நானாகூட அவனுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார்: "போட்டி முடிஞ்சி. இனி எத்தன கேள்வி வேணும்டாலும் கேக்க ஏலும், போ." அவன் கதிரை அடுக்கினான். அக்கா எல்ல பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார், கேத்தல் இல்லாமல்.

'அடுத்த நாள் நிமலன் எதிர்க்கடையில் ஒரு கேத்தல் வாங்கி—'

"இது நல்லா இருக்கு. ஆனா நான் வாங்கலயே."

இரண்டையும் கைவிட்டேன். நடக்காததை நடந்ததாக எழுதுவது என் தொழில்தான். ஆனால் அதை அச்செடுத்துக் கொடுக்கிற ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தத் தொழிலைச் செய்வது கஷ்டம். ஆகவே முடிவில்லாமல், இதற்கு முந்திய பந்தி வரை எழுதியதை நேற்று அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் முழுவதையும் வாசித்தார். ஐந்தாம் பகுதியை இரண்டாம் முறையும் வாசித்தார். ஒரு எழுத்தையும் மாற்றச் சொல்லவில்லை. பிறகு இயந்திரத்தில் வைத்து இரண்டு பிரதி எடுத்தார். ஒன்றை எனக்குத் தந்தார், ஒன்றுக்கு மட்டும் காசு வாங்கினார். மற்றதை நீள உறையில் போட்டு, மாடசாமியின் பஸ் எத்தனை மணிக்கு என்று கீழே எட்டிப் பார்த்தார்.

உறையில் யார் பெயர் எழுதினார் என்று நான் பார்க்கவில்லை.

ஆகவே வாசகரே, இந்தக் கதையின் முடிவு என்னிடம் இல்லை, அநேகமாக உங்களிடமும் இல்லை. ஆனால் எல்லவில் ஒரு சமையலறையில், ரொட்டிக் கல்லை இறக்கி வைத்துவிட்டு, மாவுக் கையோடு இந்த வரி வரைக்கும் வந்துவிட்ட ஒருவர் நீங்களாக இருந்தால், கேள்வி ஐந்தாம் பகுதியில் இருக்கிறது. ஆம் அல்லது இல்லை போதும். இந்த முறை அதைச் செல்லாது என்று சொல்ல யாரும் இல்லை.