பக்கத்து வீட்டுத் திறப்பு

“வீட்டிலைதானே பிள்ளை இருக்கிறாய், எங்கடை வீட்டைப் பூட்டிப்போட்டுத் திறப்பைத் தாறன், வைச்சிருப்பியா?” என்று பக்கத்து வீட்டு புளோறன்ஸ் அன்ரி கேட்டார். பள்ளிக்கூடத்தை ஏன் விட்டாய் என்று என்னிடம் கேட்காதவர் அவர் ஒருவர்தான்.

நத்தார் பண்டிகைக்கு அவரும் கணவர் அருளானந்தன் அங்கிளும் ஊருக்கு, மன்னார் போனார்கள். கரண்ட் வீணாகக் கூடாதென்று அங்கிள் எல்லா ஹீட்டரையும் நிறுத்தியிருந்தார். மாதா படத்துக்கு முன்னால் சின்ன பல்ப் மட்டும் எரிந்தது.

இங்கே, பனி கொட்டும் எங்கள் ஹவுகன்ஸ்டுவாவில் குளிர் இறுகியது. அவர்கள் வீட்டுப் பூச்சாடிகளுக்குத் தண்ணீர் விடப் போனபோது, தண்ணீர் சுடவைக்கும் பொய்லர் இருந்த சின்ன அறையில் என் மூச்சே புகையாகத் தெரிந்தது. தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தால் வீடு நாசம். எல்லா ஹீட்டரையும் போட்டால் அங்கிளின் கரண்ட் பில் ஏறும். அந்த அறையின் ஹீட்டரை மட்டும் ஐந்து பாகையில் வைத்தேன். குழாய்களைப் பழைய கம்பளியால் சுற்றிக் கதவைச் சாத்தினேன்.

திரும்பி வந்த அன்று அங்கிள் எங்கள் வாசலுக்கு வந்தார்.

“ஹீட்டரை ஆர் போட்டது?”

இனித் திறப்பு கிடைக்காது என்று நினைத்தேன்.

பின்னாலேயே அன்ரி வந்தார். “கீழ்வீட்டிலை குழாய் வெடிச்சு நிலமெல்லாம் போச்சாம். எங்கடையிலை தண்ணி நல்லா வருது.”

“மாதா காப்பாத்தினவ,” என்றார் அங்கிள்.

“மாதாவோ வந்து கம்பளி சுத்தினவ?”

நான் திறப்பை நீட்டினேன். அங்கிள் அதை வாங்கி, என் உள்ளங்கையிலேயே திரும்ப வைத்து விரல்களை மூடிவிட்டுப் போனார்.